கொட்டாஞ்சேனையில் ரோமாபுரி வழக்கு

வாதாடுவதற்காக நான் கடல் தாண்டியது அதுவே முதல் முறை. பாளையங்கோட்டையில் பள்ளி மேடையில் தொடங்கி, கல்லூரி அரங்கு, கோயில் கொடை, ஆலயப் பண்டிகை என்று எந்த ஒலிபெருக்கியின் முன்னும் தயங்காதவன் நான். ஆயினும் கொழும்பிலிருந்து வந்த அழைப்பில் கண்ட தலைப்பு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: "ஆதித் திருச்சபையில் தலைமையின் வேர் எது? உரோமை ஆயரா, கூடி நின்ற மக்களா?" எனக்கு ஒதுக்கப்பட்டது மக்கள் பக்கம். சீர்திருத்தச் சபைக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதைவிட இனிய வழக்கு வாய்க்குமா?

அழைத்தவர் மெரீனா. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய கத்தோலிக்கப் பங்கின் இளைஞர் மன்றச் செயலாளர். கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. இணைய வழி விவாதப் போட்டி ஒன்றில் நடுவராக இருந்து எனக்கு முதலிடம் கொடுத்தவர் என்பதால், அவருடைய நுண்ணறிவில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர் எனக்குத் தங்க இடம் பார்த்த விதம்தான் புதுமையாக இருந்தது. வெள்ளவத்தையில், என்னை எதிர்த்துப் பேசவிருந்த துவாரகாவின் வீட்டிலேயே அறை போட்டிருந்தார். எதிரியின் கையால் உண்டுவிட்டு எதிரியை வீழ்த்துவது மேடை அறத்துக்கு ஒக்குமா என்று விமானத்திலேயே யோசித்துக்கொண்டு வந்தேன். இடியப்பமும் சொதியும் மேசைக்கு வந்ததும் அந்த யோசனை கலைந்தது.

துவாரகா சட்டம் படிக்கிறவர். குடும்பம் யாழ்ப்பாணத்துச் சைவம்; கூடத்துச் சுவரில் முருகன். உரோமையின் ஆயரான பாப்பரசருக்காக வாதாட ஒரு சைவப் பெண்ணைப் பிடித்திருந்தார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு வெற்றி பாதி கைக்கு வந்துவிட்டதாகத் தோன்றியது.

"தம்பி, நீர் கூச்சப்படாமல் போட்டுச் சாப்பிடும்" என்றார் துவாரகாவின் அம்மா. எங்கள் ஊரில் 'நீர்' என்பது சரித்திர நாடகத்தில் அரசன் தளபதியைப் பார்த்துச் சொல்வது. இங்கே சம்பல் பரிமாறும்போது சொல்கிறார்கள். "இவள் ஒரு மாசமாய் பாப்பரசர், பாப்பரசர் எண்டு எங்கட உயிரை எடுக்கிறாள். சாமியறையிலயும் அந்தப் புத்தகங்கள்தான் கிடக்குது."

"அம்மா, கேஸ் எடுத்தால் கட்சிக்காரனிட்ட என்ன சமயம் எண்டு கேக்கேலாது" என்றார் துவாரகா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

"நல்ல கட்சிக்காரன். பீஸ் தருவாரோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. துவாரகாவுக்கு வரவில்லை. அவர் எச்சில் கையோடு என்னைப் பார்த்து, "நீங்கள் கொரிந்துக் கடிதத்தை எடுப்பீங்கள்தானே?" என்று கேட்டார். என் முதல் அம்பே அதுதான். தெரியாதவன் போலச் சொதியை ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். வெள்ளவத்தையிலிருந்து போகும் ரயில் கடலை ஒட்டியே ஓடுகிறது. அலை சற்றே உற்சாகம் கொண்டால் சன்னலுக்குள் வந்து டிக்கெட் கேட்கும். கோட்டை நிலையத்தில் இறங்க வேண்டும் என்று துவாரகா சொல்லியிருந்தார். இறங்கத்தான் எழுந்தேன். வாசலில் இரண்டு பேர் சிங்களத்தில் தர்க்கித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கத்தவில்லை, ஆனால் யாரும் நகரவும் இல்லை. பின்னால் நின்ற ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "அவர் சொல்றாரு, வாசல்ல நிக்காத எண்டு. இவர் கேக்குறாரு, சொல்றதுக்கு நீ யாரு, கார்டா எண்டு."

அதிகாரத்தின் மூலம் எது என்னும் என் தலைப்பே ரயில் வாசலில் விவாதிக்கப்பட்டதால், கோட்டை கடந்து போய் மருதானையில் இறங்கினேன். அங்கிருந்து பிடித்த ஆட்டோ கிராண்ட்பாஸ் நெரிசலுக்குள் மூச்சு வாங்கி நின்றது. ஓட்டுநர் இறங்கி, எஞ்சினைத் திறந்து பார்த்து, "இது இனிப் போகாது மகன், நேரா நடந்தா ஆரும் சொல்லுவாங்க" என்று கூறி, பணமும் வேண்டாம் என்று கையசைத்தார். எங்கள் ஊர் ஆட்டோக்காரர்களுக்கு இந்தக் காட்சியை நான் விவரித்தால் நம்ப மாட்டார்கள்.

இவ்வாறு நான் கோயில் இருக்கும் சந்துக்குள் தவறான முனையில் நுழைந்தேன். முனையில் ஒரு தேநீர்க் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் பொதிந்த மாலுபாணும், அடுக்கி வைத்த பாணும். பாண் என்றால் ரொட்டி. எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி. இங்கே ஆரோக்கியமானவர்கள் மூன்று வேளையும் பருப்புக் கறியில் தோய்த்து உண்கிறார்கள். நான் அதை வியந்து நோக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே பலகையில் அமர்ந்திருந்த ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அகன்ற தோள், சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி.

"தம்பி எங்க போகணும்?"

"இராயப்பர் கோயில் மண்டபத்துக்கு. நாளை மாலை விவாதத்தில் பேச வந்திருக்கிறேன்."

"ஆ, இந்தியாத் தம்பி. எந்தப் பக்கம் நீங்க?"

"மக்கள் பக்கம்" என்றேன். குரலில் கொஞ்சம் மேடை ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். தேநீர் ஆற்றியவர் திரும்பிப் பார்த்தார்.

"மக்கள் எண்டா யாரு?"

நான் விடை சொல்ல வாயைத் திறப்பதற்குள் தேநீர் ஆற்றியவர் சொன்னார்: "அதை முதல்ல கேட்டு வச்சிக்கங்க தம்பி. இந்த லேன்ல ரெண்டு பேர் நிண்டா மூணு மக்கள்."

அந்த நேரத்தில் மெரீனா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கடை வாசலில் என்னைக் கண்டதும் சிரித்தார். பலகையில் இருந்தவரைக் கண்டதும் சிரிப்பைச் சற்றே அடக்கினார். "அப்பா, சோறு மூடி வச்சிருக்கன். ஆறுறதுக்கு முந்திப் போய்ச் சாப்பிடுங்க" என்றார். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

கோயிலை நோக்கி நடக்கும்போது மெரீனா கதையைச் சொன்னார். அவருடைய அப்பா சேவியர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர். இந்தச் சந்தின் மூப்பர். மூப்பர் என்றால், வீட்டுக்கு ஒருவர் கூடித் தேர்ந்தெடுக்கும் கோயில் தலைவர். திருநாளன்று, முதல் பாப்பரசர் என்று கத்தோலிக்கர் போற்றும் சீடர் இராயப்பரின் சுரூபத்தை, அதாவது சிலையை, மரக் கூட்டில் வைத்துத் தோளில் தூக்கி வீதி வலம் கொண்டுபோவார்கள். கூட்டுக்கு அடியில் நிற்பவர்களுக்கு முன்னும் பின்னும் தெரியாது. ஆகவே மூப்பர் பிரம்பால் வாசற்கல்லைத் தட்டுவார். அந்த ஓசைக்குத்தான் எல்லாத் தோளும் ஒன்றாக எழும்.

"போன வருசம் மழை. பொலிஸ் குடுத்த நேரம் முடியப் போகுது. அப்பா இன்னும் தட்டல்ல. ஃபாதர் அவசரத்துல மைக்ல 'தூக்குங்க' எண்டு சொல்லிட்டார். முன்னுக்கு இருந்த ஸ்பீக்கர்ல முதல்ல கேட்டிச்சு, முன்னுக்கு நிண்டவங்க எழும்பிட்டாங்க. பின்னுக்கு நிண்டவங்க எழும்பல்ல. சுரூபம் சரிஞ்சு, இராயப்பர்ட கையில இருந்த திறப்பு உடைஞ்சு போச்சு."

திறப்பு என்பது இங்கே சாவி. ஆண்டவர் இராயப்பரிடம் ஒப்படைத்த விண்ணக வாசலின் சாவி. அதன்மீதுதான் பாப்பரசரின் அதிகாரம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது என்று துவாரகாவின் புத்தகங்கள் வாதிடும்.

"அப்பா எல்லாருக்கும் முன்னால ஃபாதரை ஏசிட்டார். ஃபாதர் கொமிட்டியைக் கலைச்சிட்டார். இனி மூப்பர் இல்ல, எல்லாம் நான் பாக்கிறன் எண்டு சொல்லிட்டார். அண்டையில இருந்து அப்பா கோயில் வாசல் மிதிக்கல்ல."

"நீங்கள்?"

"நான் பூசைக்குப் போவன். ஃபாதர் என்னட்ட, அப்பா சுகமா எண்டு கேப்பார். வீட்டுக்கு வந்தா அப்பா, பிரசங்கம் நீளமா எண்டு கேப்பார். நடுவுல நான் தபால்காரி." அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இந்த ஞாயிறு திருநாள். அப்பா தட்டாட்டித் தூக்க மாட்டம் எண்டு லேன் பொடியன்மார் நிக்கிறாங்க. மட்டக்குளியில இருந்து ஆள் கொண்டு வந்து தூக்குவன் எண்டு ஃபாதர் நிக்கிறார். அப்பிடி நடந்தா அப்பா இனி எப்பவுமே வர மாட்டார். நான் எந்தப் பக்கம் நடக்கிறது, சொல்லுங்க."

"அதனால்தான் இந்தத் தலைப்பா?"

"தலைப்பு ஃபாதர் குடுத்தது. படிச்ச மனுசன், நல்ல தமிழ்ல நாலு பேர் பேசினா கோவம் ஆறும் எண்டு நம்புறார். நீங்க எங்கட சண்டையைத் தொடாதீங்க. பழைய காலத்தோடயே நில்லுங்க."

நான் வாக்களித்தேன்.

கோயில் சிறியது, நீலச் சுவர். பீடத்தின் பக்கத்தில் இராயப்பர் வெறுங்கையை நீட்டியபடி நின்றார். புதிய சாவி செய்தாயிற்றாம். யார் பொருத்துவது என்பதில் உடன்பாடு இல்லாததால் அது பெட்டிக்குள் இருக்கிறதாம். பங்குத்தந்தை என்னை அன்போடு வரவேற்றார். மெலிந்தவர், பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பவர். "நடுவருக்கு ஒரு பேராசிரியரைக் கேட்டோம். கிடைக்கவில்லை. நானே இருக்கலாம் என்று நினைத்தேன்" என்றார். எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. நல்ல நடுவர் என்பவர் நல்ல கேட்பவர்.

சனிக்கிழமை மாலை மண்டபம் நிரம்பி, சன்னல்களிலும் தலைகள் தொங்கின. துவாரகா கரும்பச்சைச் சேலையில் வந்தார். "வெள்ளவத்தையில இருந்து பாப்பரசருக்கு லோயர் வந்திருக்கு" என்று ஒரு குரல். "இந்தியாவுல இருந்து நமக்கு வந்திருக்கு" என்று மற்றொன்று. சிரிப்பு. நல்ல அவை. இப்படிப்பட்ட அவையைக் கண்டால் எனக்குத் தோள் தானாக விரியும்.

நான் தொடங்கினேன். முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமைச் சபை கொரிந்துச் சபைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியது. அதில் 'நான்' என்று கட்டளையிடும் ஒருவர் இல்லை, 'நாங்கள்' என்று பேசும் ஒரு சபையே இருக்கிறது என்றேன். அடுத்த தலைமுறையில் அந்தியோக்கியாவின் ஆயர் கைதியாக ரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது வழியிலிருந்த சபைகளுக்கெல்லாம், உங்கள் ஆயரோடு ஒன்றாயிருங்கள் என்று எழுதினார். ரோமைக்கு எழுதியபோது மட்டும் அங்கே ஓர் ஆயர் இருப்பதாகவே குறிப்பிடவில்லை என்றேன். கார்த்தேஜின் ஆயர், மூப்பர்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றி எதையும் செய்வதில்லை என்று பதவி ஏற்ற நாளிலேயே உறுதி கொண்டதைச் சொன்னேன். மிலான் நகரில் ஆயர் தேர்தலில் கலகம் மூளாமல் காக்க வந்த ஆளுநரையே, அவர் இன்னும் திருமுழுக்குக்கூடப் பெறாத நிலையில், கூட்டம் ஆயராகக் கூவி அழைத்ததைச் சொன்னேன். கைதட்டல் சன்னலுக்கு வெளியிலிருந்தும் வந்தது.

துவாரகா எழுந்தார். அவருக்கு மேடைக் குரல் இல்லை. வீட்டில் பேசுவதைப் போலவே பேசினார். "என்ர நண்பர் கடிதத்தில 'நாங்கள்' எண்டு இருக்கிறதைச் சொன்னார். கடிதம் ஏன் போனது எண்டு சொல்லேல்லை. கொரிந்தில மக்கள் கூடித் தங்கட மூப்பர்மாரை விலக்கிப்போட்டினம். குற்றம் செய்யாத மூப்பர்மார். திருப்பி ஏற்றுக்கொள்ளுங்கோ எண்டு எழுதினது ஆர்? ரோமை."

தலைகள் நடுவர் பக்கம் திரும்பின. பிறகு நடுவரிசையிலிருந்து ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "அப்ப ரோமையில இருந்து எங்களுக்கும் ஒரு கடிதம் வருமா, பிள்ள?"

சிரிப்பு பரவியது. மெரீனா சிரிக்கவில்லை. நடுவர் கண்ணாடியைத் துடைத்தார்.

துவாரகா குறுக்கீட்டைத் தாண்டிப் போனார். ஈஸ்டர் எந்த நாளில் கொண்டாடுவது என்று எழுந்த பிணக்கில், ரோமை ஆயர் சிற்றாசியச் சபைகளையே விலக்கத் துணிந்தார். லியோனின் ஆயர், அவரும் ரோமையின் மரபைப் போற்றியவர், இது பிழை என்று நேரடியாக எழுதினார். "எழுதிப்போட்டு அவர் பிரிஞ்சு போகேல்லை. ரோமையோடதான் இருந்தார். தலைமை பிழை விடேக்க, பிழை எண்டு சொல்லிக்கொண்டே பக்கத்தில நிக்கிறதுக்குப் பேர்தான் திருச்சபை" என்று முடித்தார்.

நல்ல அடி. மறுமொழிக்கு எழுந்தபோது அவை என் கையிலிருந்து நழுவியிருப்பதை உணர்ந்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் நாட்டுப் பேச்சாளன் எதைச் செய்வானோ அதையே செய்தேன்: நடுவரைக் கிண்டல் செய்தேன். நடுவரைச் சீண்டாத பட்டிமன்றத்திலிருந்து எங்கள் மக்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். நடுவர்களும் அதற்காகவே காத்திருப்பார்கள். பல மேடைகளில் பழகிய வரி அது. கையை நீட்டிக் கேட்டேன்: "தலைவரை மக்கள்தான் தேர்ந்தார்கள் என்கிறேன், நடுவர் நம்ப மறுக்கிறார். சரி, இந்த நடுவரை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? தேர்ந்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம்."

எங்கள் ஊரில் இந்த இடத்தில் கூரை அதிரும். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. கையும் எழவில்லை. முன்வரிசையில் மெரீனா கண்களை மூடிக்கொண்டார். குழுவைக் கலைத்துத் தானே தலைவரான ஒருவரிடம் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு சன்னலுக்கு வெளியே ஒரு கை உயர்ந்தது. அகன்ற தோளின்மேல் ஒரு கை.

"நான்தான்" என்றார் சேவியர். "ஃபாதர் இந்தப் பங்குக்கு வந்த அண்டைக்கு ஒருத்தரும் வரல்ல, ரோட்டுல ஏதோ பிரச்சினை. நான்தான் மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து அதுல இருத்தினன்."

நடுவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "அது உண்மை" என்றார். "இந்த வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரன். கட்சிக்காரன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேறொரு நடுவரை நீங்களே சொல்லுங்கள்."

"சேவியர் அண்ணன்" என்று நடுவரிசையில் கேள்வி கேட்ட அதே குரல் சொன்னது. அதன்பின் மண்டபம் முழுவதும் அந்தப் பெயரைச் சொன்னது.

"எனக்கென்ன தெரியும்? நான் மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றார் அவர். ஆனால் சன்னலோரம் நின்றவர்கள் அவரை வாசல் பக்கமாக மெதுவாகத் தள்ளிவிட்டார்கள். உள்ளே வந்தார். மேடை ஏறவில்லை, கீழேயே நின்றார்.

"இந்தியாத் தம்பி நல்லாப் பேசினார். கேக்க நல்லா இருந்திச்சு." இந்தத் தொடக்கம் எனக்குத் தெரியும், தோற்றவனுக்குப் போடும் மாலை அது. "ரெண்டு பேர் சொன்னதும் எனக்கு முழுசா விளங்கல்ல. ஆனா அந்த லியோன் ஆயர் மாட்டர் விளங்கிச்சு. பிழை எண்டு எழுதினார், எழுதிட்டு வீட்டுல இருக்கல்ல. நான் ஏசினது சரிதான். அதுக்குப் பிறகு கடையில போய் இருந்ததுதான் சரியில்ல. அதால அந்தப் பிள்ளைக்குத்தான் வெற்றி."

மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர், மக்கள் பக்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். இதைவிடச் சிக்கலான தோல்வியை நான் கண்டதில்லை.

கைதட்டல் அடங்கியதும் பங்குத்தந்தை துவாரகாவிடம் கேட்டார்: "அந்த ஆயர் எழுதினதுக்கு ரோமையில் இருந்தவர் என்ன பதில் சொன்னார்?"

"பதில் ஒண்டும் கிடைக்கேல்லை, ஃபாதர்."

"அப்படியா" என்றார் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சேவியரைப் பார்க்காமல் மண்டபத்தைப் பார்த்துச் சொன்னார்: "அப்போ நான் சொல்ல வேணும்."

சேவியர் மகளோடு வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பும் வழியில் துவாரகா எனக்குக் கொத்து ரொட்டி வாங்கித் தந்தார். வென்றவர் உண்பிப்பது இங்கே வழக்கமா என்று கேட்டேன். "இல்லை. நீங்கள் கதைக்காமல் வாறீங்கள், அதுதான் பயமாக் கிடக்குது" என்றார்.

ஞாயிறு காலை பூசை முடிந்து கூட்டம் வாசலில் நிறைந்தது. மட்டக்குளியிலிருந்து ஆட்கள் வரவில்லை. ஃபாதர் சொல்லி அனுப்பவில்லையாம். சந்தின் இளைஞர்கள் கூட்டைச் சூழ்ந்து நின்றார்கள், ஒருவரும் குனியவில்லை. மெரீனா என் பக்கத்தில் முக்காட்டுத் துணியின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். சேவியர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பிரம்பு. வாசற்கல்லின் அருகில் வந்து நின்றார். ஆனால் தட்டவில்லை. பங்குத்தந்தையைப் பார்த்தார்.

பங்குத்தந்தையின் கையில் மைக் இருந்தது. அவர் சேவியரைப் பார்த்தார்.

இருவரும் அப்படியே நின்றார்கள். முன்பு யாரும் காத்திருக்காததால் வந்த சண்டை. இப்போது இருவரும் காத்திருந்தார்கள். வீதியில் வாகனங்களை மறித்து நின்ற போக்குவரத்துப் பொலிஸ்காரர் சிங்களத்தில், "ஃபாதர், போவோமா?" என்று கேட்டார். பங்குத்தந்தை மைக்கின் பொத்தானை அணைத்து, அதைப் பக்கத்தில் நின்ற பாடகர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வெறுங்குரலில் கேட்டார்:

"மூப்பர், துவங்குவமா?"

அந்தச் சொல்லை அவர் ஓராண்டாகச் சொல்லவில்லை. சேவியர் தலை குனிந்து ஆசீர் வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து பிரம்பால் கல்லைத் தட்டினார். தோள்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. இராயப்பர் வெறுங்கையோடுதான், ஆனால் ஒரு விரற்கடைகூடச் சரியாமல் வீதிக்கு வந்தார்.

மெரீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். சுரூபத்தின் பின்னால் நடக்கத் தொடங்கியவர், என் பக்கம் திரும்பினார்.

"நீங்க தோத்ததாலதான் இது நடந்திச்சு. அடுத்த வருசமும் வந்து தோத்துத் தாங்க."

தோல்வியை நான் இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. தீர்ப்பில் பிழைகள் உண்டு, எடுத்துக்காட்டவும் முடியும். ஆனால் மேல்முறையீட்டுக்கு ரோமாபுரிக்குப் போகும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் நடந்தேன்.